இயற்கை வருணனை

திண்டிவனம் ரோட்டில் ஊரின் கடைசிக் கம்பத்தைத் தாண்டும்போது, நான் கட்டிய பேனர் ஒன்று அதில் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ நகைக்கடைத் திறப்பு. கீழ்க்கட்டு தளர்ந்திருந்தது. கை தானாக அதன் பக்கம் போனது. இனி இது என் வேலை இல்லை என்ற நினைப்பு வந்ததும் கையை இறக்கிக்கொண்டு நடந்தேன். தோளில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, கம்பி முறுக்கும் குறடு. குறடு கடையுடையது. கேட்டுத்தான் எடுத்துவந்தேன்.

பஸ் பிடித்திருக்கலாம். ஆனால் எந்த ஊரை விட்டும் நடந்தே வெளியேறுவது என் வழக்கம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஜன்னல் காற்றுக்குக் கோபம் ஆறிவிடும். அன்றைய கோபம் ஆறுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ரோட்டோரப் புளியமரத்தில் ஒரு காக்கையைக் கரிச்சான் குருவி விரட்டி விரட்டிக் கொத்தியது. "இதுல யாருணா காக்கா? யாரு குருவி?" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. எரிச்சலாக வந்தது. அது என் கேள்வி இல்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் அம்மைத் தழும்பு மாதிரி என் மேல் தங்கிவிட்ட அவருடைய கேள்வி. சில வருஷங்கள் போய்விட்டன. இப்போதும் ஒரு பறவை இன்னொன்றைத் துரத்தினால் முதலில் அவர் குரல்தான் கேட்கிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் சார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். தமிழ் எம்.ஏ., மேலே ஆசிரியர் படிப்பும் உண்டு. நான் எட்டாவதில் நின்றவன். அதனால் அவரை நான் சார் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஃப்ளெக்ஸ் கடை ஒரு பாயுடையது. மூன்று தலைமுறையாக அந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் போட்ட குடும்பம். பாய் கல்லாவிலும் மிஷினிலும் இருப்பார். சார் கம்ப்யூட்டரில். நான், அவர்கள் அச்சடித்துத் தருவதை மரச்சட்டத்தில் அடித்துக் கம்பத்தில் ஏற்றுபவன். ஊர் ஊராகப் போய் ஓட்டல், செங்கல் சூளை, லாரி கிளீனர் எல்லாம் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது நல்ல வேலை. உயரத்தில் காற்று வரும்.

கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு ஆள் வந்தால், எல்லாக் கடையிலும் கேட்பது பெயர், வயது, தோற்றம், மறைவு. சார் அதெல்லாம் எழுதிக்கொண்டு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்:

"வீட்ல என்ன மரம் இருக்குங்க?"

சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் விழிப்பார்கள். "வேப்பமரம் இருக்குது சார். ஏன், பந்தலுக்கா?"

"இல்லைங்க. பாட்டுக்கு." அடுத்து குரலைத் தாழ்த்துவார். "வீட்ல யாருக்கும் யாருக்கும் ஆகாது?"

அடிக்க வருவார்கள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. சாவு வீட்டுக்காரர்களுக்கு அழுகை எந்த அளவுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்த அளவுக்குச் சண்டையும் நிற்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லுவார்கள். மூத்த மருமகன் இளைய மருமகனோடு பேசி எத்தனை வருஷம், யார் வீட்டு மாடு யார் கொல்லையில் மேய்ந்தது, எல்லாம். சார் கேட்டுக்கொண்டு ஒரு காலை மடக்கி நாற்காலியில் வைத்தபடி கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் வேலி தாண்டிக் காய்த்த பூசணிக்கொடி ஒன்று திரையில் வந்துவிடும். விதைத்தவர் போனபின் வேலிக்கு இரண்டு பக்கமும் அரிவாளோடு ஆள் நிற்பார்கள். யார் பெயரும் இருக்காது. மருமகன்கள் இருவருமே படித்துவிட்டு, நல்லாருக்கு சார் என்று வாங்கிப் போனார்கள். பூசணிக்காயை வெட்ட வந்தவன் மற்றவன்தான் என்று இருவருக்கும் நிச்சயம்.

பாய்க்கு இதில் வேறு கவலை. "சார், செடி கொடி ஜாஸ்தி ஆயிடுச்சு. போட்டோவுக்கு எடம் கம்மி. செத்தவன் மூஞ்சி தெரியணும் சார், அதுக்குத்தான் துட்டு குடுக்கறாங்க."

பிறந்தநாள் பேனருக்கு வந்த வார்டு பிரமுகர் ஒருவர் தன்னைச் சிங்கம் என்று போடச் சொன்னார். சார் நிமிர்ந்து பார்த்து, "போடறேங்க. சிங்கம்னா எதையாவது தின்னணுமே. மான் யாருங்க, வார்டு ஜனமா?" என்றார். பிரமுகர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கரெக்டா பிடிச்சே பாரு! மானையும் ஒண்ணு ஓரமா போட்டுரு." பாய் அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

சார் கையில் பிரம்பு இல்லாத குறைதான், உள்ளுக்குள் வாத்தியார். ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். தேர்வில் ஒரு கேள்வி, பாட்டில் வரும் மழைக் காட்சியை விளக்கு என்று. வகுப்பு மொத்தமும் நோட்ஸைப் பார்த்து ஒரே பதில் எழுதியிருக்கிறது: கவிஞர் இயற்கை வருணனையைச் சிறப்பாகச் செய்துள்ளார்.

"மொத்தப் பேருக்கும் முட்டை போட்டேன்ணா," என்றார். "இயற்கை வருணனையாம்! மழை பெஞ்சா எவனாவது பாட்டு எழுதுவானா? நனைவான், இல்ல ஒதுங்குவான். எழுதறான்னா என்னா அர்த்தம்? வரேன்னு சொன்னவன் வரல. அவளுக்கு வயிறு எரியுது. அதை வாயால சொன்னா மானம் போயிடும். அதனால மழையைச் சொல்றா. இடிக்குதுங்கறா, முல்லை பூத்துப்போச்சுங்கறா. அது மழை இல்லைணா, சண்டை. வசவை வசவா எழுதினா அது சுவரொட்டி. அதையே மரத்து மேல ஏத்தி எழுதினாத்தான் பாட்டு."

"அப்புறம் வேலை?"

"நானே வுட்டுட்டு வந்துட்டேன்."

பாய் மிஷினுக்கு மை ஊற்றிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "அவரு எங்க வுட்டாரு. அவங்க வுட்டாங்க."

சாருக்குச் சண்டை பிடிக்கும், அது பாட்டுக்குள் இருக்கும்வரை. நேரில் பிடிக்காது. டீக்கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்கமாட்டார். வந்து உட்கார்ந்து, குளத்தைக் குடித்த கொக்கு ஒன்றைப் பற்றிப் பேசுவார். வீட்டிலும் அப்படித்தான் போல. ஒரு நாள் அவர் மனைவி கடை போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"அண்ணா, உங்க சார் இருந்தா அரிசி வாங்கினாரா இல்லையானு கேட்டுச் சொல்லுங்க. காலைல நான் கேட்டா, வத்தின ஏரிக்கு நாரை எதுக்கு வரும்ங்கறாரு. எனக்குப் புரியல. வாங்கினாரா, இல்லையா? ஒத்தை வார்த்தை."

வாங்கவில்லை.

இந்தக் குணத்தை நான் அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மனுஷனுக்கு ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். என்னிடம் பேசுவது அவருக்குத் தேவையாக இருந்தது. கேட்க வேறு ஆள் இல்லை. எனக்கும் கம்பத்தின் மேல் நிற்கும்போது யோசிக்க ஏதாவது கிடைத்தது.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள், கிரிவலப் பாதையில் பேனர் கட்ட அவரும் வண்டியில் வந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடை நடத்தியது நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அக்கா. புருஷன் விட்டுப் போனபின் தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவர். கடைக்குப் பின்னால் தெரிந்த ஓட்டு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டு, பாதையோரம் இந்தக் கடையைப் போட்டிருந்தார். கிணற்றடியில் பெரிய மாமரம் ஒன்று நின்றது.

சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் மலை.

"இந்த மலையே ஒரு சண்டைதான்ணா. நீயா நானானு ரெண்டு சாமிக்குத் தகராறு. நடுவுல நெருப்பா நின்னுது, ஆறி மலையாச்சு. அடியைத் தேடிப் போனவரு, தெரியலனு ஒத்துக்கிட்டாரு. முடியைத் தேடிப் போனவரு, பார்த்துட்டேன்னாரு. சாட்சி யாரு? ஒரு பூவு. தாழம்பூ. ஆமா, பார்த்தாருனு பொய்ச் சாட்சி சொல்லுச்சு. அதோட முடிஞ்சுது. இன்னைக்கும் சிவன் கோயில் பூசையில தாழம்பூவைச் சேக்கறதில்ல."

"வாசனை மட்டும் அப்படியேதான இருக்குது?" என்றேன்.

"அதாண்ணா தண்டனை. வாசனை இருக்கும், வாசல்ல சேக்க மாட்டாங்க."

அக்கா டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "பொறந்ததுல இருந்து இந்த மலைக்குக் கீழதான் இருக்கேன். இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல சார்," என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் தகப்பன் இறந்துபோனார். அவருடைய இரண்டு மகன்களும் டவுனில் இருப்பவர்கள். போஸ்டருக்கு எங்கள் கடைக்கே வந்தார்கள். இங்ஙனம் என்று போட்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பெங்களூரில் இருந்த மைத்துனர் வரை பெயர் சொன்னார்கள்.

"பொண்ணு பேருங்க?" என்றார் சார்.

"அது வேணாம்," என்றார் மூத்தவர்.

போஸ்டரை அந்த வீட்டுச் சுவரில் ஒட்டியவன் நான். அக்கா வந்து நின்று மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, திரும்ப ஒருமுறை படித்தார். உள்ளே போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார். பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு இருக்கிறது, தன் பெயரில் தனியாக ஒரு பேனர் வைக்க வேண்டும் என்றார். சார் மரத்தைக் கேட்பதற்குள் அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"காரியம் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணுங்கறாங்க சார். லாட்ஜ் கட்டறவங்களுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. எங்க நைனா கடைசி வரைக்கும், இந்த வீடு உனக்குத்தான்மானு சொன்னாரு. படுக்கையில இருந்தவரை இவங்க ஒரு நாள் வந்து தண்ணி குடுத்ததில்ல. நாட்டாமைகிட்டப் போனேன். நேரா பஞ்சாயத்துல நின்னு கேளுங்கறாரு. எப்பிடிக் கேக்கறது? அண்ணனுங்களைப் பேர் சொல்லிக் கேட்டுட்டா, அப்புறம் செத்தாகூட பொறந்த வீட்டுக் கோடி வராது. சொல்லவும் வேணும். சொன்ன மாதிரியும் இருக்கக் கூடாது. உங்களால முடியும் சார். அன்னைக்கு மலையைச் சொன்னீங்களே."

கோடி என்றால் செத்தவர்மேல் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுத்துணி. அதை இழக்க அவர் தயாராக இல்லை. வீட்டையும் இழக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு பாட்டுதான் இருந்தது.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் கேட்காமலே எழுதிக் கொடுத்ததை, முதல்முறையாக ஒருவர் கேட்டு வந்திருந்தார். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் எழுதி முடித்து, அக்காவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

கிணற்றடி மாமரத்தில்
கிளையாகத் தெரிபவை எல்லாம் கிளை அல்ல;
இலையால் ஒன்று, வேரால் வேறு.
நீர் இறைத்த கை சிவந்திருக்க,
நிழல் யாருக்கு என்று கேட்கிறது
கூடு கட்டத் தெரியாத குயில்.

"மாமரம் உங்க நைனா," என்றார். "மரத்து மேலயே ஒட்டி வளருது பாருங்க புல்லுருவி, அதுக்குக் கீழ வேர் கிடையாது. மரத்து ரத்தத்தைத்தான் குடிக்கும். தூரத்துல பார்த்தா மரத்துக் கிளை மாதிரியே இருக்கும். அது உங்க அண்ணனுங்க. குயிலு நீங்க. குயிலுக்குச் சொந்தமா கூடு கிடையாது."

அக்கா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "புல்லுருவினு பேர் போட்டுடலையே? அது வசவு சார்," என்றார்.

"போடலக்கா. பேர் சொன்னா வசவு. சொல்லாம வுட்டா பாட்டு. புரியறவங்களுக்குப் புரியும்."

நல்ல பாட்டு. இன்றும் அதைத்தான் சொல்வேன். விட்ட ஒரு வார்த்தையில்தான் எல்லாம் போனது.

பாய் தன் பங்குக்கு இன்டர்நெட்டில் தேடி ஒரு குயில் படம் எடுத்தார். அந்தப் படத்தில் குயில் ஒரு கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குயில் என்றால் கூடு இருக்குமே என்று பாய் நினைத்தார். சார் கவனிக்கவில்லை. நானும்தான்.

படத்திறப்பன்று பேனர் நின்றது. ஊர் படித்தது. மறுநாள் மதியம் கடை வாசலில் மூன்று பைக்கும் ஓர் ஆட்டோவும் வந்து நின்றன. அண்ணன்கள் இருவர், அவர்கள் கூட்டாளிகள் சிலர், நாட்டாமை. ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார்.

"எவன்டா எழுதினது?" என்றார் மூத்தவர். குரல் உடைந்திருந்தது. அவர் கோபம் பொய் இல்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது. "எங்க அம்மா செத்து பத்து வருஷம் ஆவுது. அவளைப் போய் இன்னாடா எழுதி வச்சிருக்கீங்க?"

பாய் எழுந்துவிட்டார். "அம்மாவைப் பத்தி எதுவும் இல்லையே அண்ணே. மரம், பறவைதான்."

"இன்னா பறவை? குயிலு! குயிலு யாரு கூட்டுல முட்டை வுடும்? ஊருல மூக்கொழுகற பையனுக்குத் தெரியும். கூட்டோட படம் வேற. இலையால ஒண்ணு, வேரால வேறயாம். அப்ப நாங்க எங்க நைனாவுக்குப் பொறக்கல? ஊரே கேக்குதுடா, உங்க வேர் எங்கன்னு!"

மனசுக்குள் பாட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பாட்டு அப்படியும் நின்றது. ஒரு எழுத்து மாறாமல் நின்றது.

நாட்டாமை வயதானவர். கையமர்த்திவிட்டு சார் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க சார். இந்தப் பொண்ணு காரியத்துக்கு முன்னயிருந்தே வீட்டு விஷயமா என்னைக் கேட்டுனு இருக்குது. நேரா கேளும்மான்னா வாய் தெறக்க மாட்டேங்குது. இப்ப இந்தப் பாட்டுல கேட்டிருக்கேங்குது. இவனுங்க, பெத்தவளைக் கேவலப்படுத்திட்டாங்கறானுங்க. எழுதினது நீங்க. அர்த்தத்தை நீங்களே சொல்லிடுங்க. வீட்டைப் பத்தித்தான்னா, இன்னைக்கு சாயங்காலமே ஒக்கார வச்சுப் பேசிடறேன், நான் பொறுப்பு. ஆத்தாளைப் பத்தினா, இந்தப் பொண்ணு ஆத்தா படத்து முன்னால வுழணும்."

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. ஒரு பாட்டுக்கு என்ன பொருள்? மூன்று வருஷமாக அவர் சொல்லாத நாள் இல்லை. மாமரம் நைனா, ஒட்டியிருப்பது புல்லுருவி, குயில் தங்கச்சி. மூன்று வாக்கியம். தாய் மேல் விழுந்த பழியும் போயிருக்கும், வீட்டுப் பேச்சும் பஞ்சாயத்துக்கு வந்திருக்கும்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பரீட்சையில் தனக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் முகம்.

சார் எழுந்து நின்றார். இளையவர் கம்ப்யூட்டர் திரையின் மேல் கை ஊன்றியிருந்தார். சார் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஐயா, அதுல ஒண்ணும் இல்லைங்க. மாமரம், குயிலு. சும்மா ஒரு இயற்கை வருணனைங்க."

"வீட்டைப் பத்தி இல்லையா?"

"இல்லைங்க."

"அம்மாவைப் பத்தி?"

"ஐயோ, இல்லைங்க. யாரைப் பத்தியும் இல்லைங்க. மரம் மரம்தாங்க."

நான் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன். எழுந்து, "சார், புல்லுருவினு நீங்கதானே சொன்னீங்க? இந்த அக்காவை இதே நாற்காலியில ஒக்கார வச்சுச் சொன்னீங்களே," என்றேன்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். சார் அவசரமாக நடுவில் வந்தார். "அவனுக்கு என்னாங்க தெரியும், கம்பம் கட்டறவன். எட்டாவது ஃபெயிலு."

மூன்று வருஷத்தில் அவர் என்னை அவன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. தகவல் சரிதான். எட்டாவதுதான்.

"கேட்டீங்களா?" என்றார் மூத்தவர் நாட்டாமையிடம். "எழுதினவரே ஒண்ணுமில்லங்கறாரு. அப்ப அம்மாவைப் பத்தி அர்த்தம் கட்டி ஊருல வுட்டது யாரு?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நாட்டாமை ஸ்டூலை விட்டு எழுந்தார். வீட்டுப் பேச்சு இதோடு முடிந்தது என்றார். போய்த் தாயின் படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்து, நாளைக்குள் சாமானை எடுத்துக்கொள்ளம்மா என்றார். அவர் கெட்டவர் இல்லை. சாட்சி சொன்னதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

அக்கா அழவில்லை. ஆட்டோவில் ஏறப்போனவர் திரும்பி வந்து சாரின் மேஜை முன்னால் நின்றார்.

"தாழம்பூ வாசனை அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார்," என்றார்.

போய்விட்டார். பாய் என்னைப் பார்த்து, "இன்னா தாழம்பூ? கடையில ஏது பூ?" என்றார். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் இருந்தன.

பயந்தார். பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் எத்தனையோ ஊரில் பயந்து ஓடியவன்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட அந்த அக்காவுக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவர் வாயைத் திறந்து, எந்த இரண்டு வார்த்தைக்காக ஒரு வகுப்புக்கே முட்டை போட்டாரோ, அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார்.

கடை அடைக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா, வெள்ளத்துல நாணல் வளையத்தாண்ணா செய்யும். மரம் மாதிரி நின்னா..."

"இதுல யாரு சார் நாணல்?" என்று கேட்டேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பேனரை இறக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஓட்டு வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. கட்டில், அடுப்பு, டீ பாய்லர், இரண்டு பெஞ்சு. வேட்டவலத்தில் சித்தி மகள் வீடு இருக்கிறது, இப்போதைக்கு அங்கே என்றார் அக்கா. பெஞ்சை ஏற்ற ஒரு கை பிடித்தேன்.

"பேனரை இன்னா பண்ணுவீங்க?"

"குப்பைக்குத்தான் போவும்."

"குடுத்துடுங்க. மேல மூடறதுக்கு ஆவும். மழை வர்ற மாதிரி இருக்குது."

சாமான் மேல் விரித்து நானே கட்டிக் கொடுத்தேன். பாட்டு உள்பக்கம் இருக்கும்படி போடச் சொன்னார். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய வண்டி போனது. கிணற்றடி மாமரத்தில் லாட்ஜ்காரர்களின் ஆள் ஏற்கெனவே சுண்ணாம்பால் ஒரு குறி போட்டிருந்தான்.

கடைக்குத் திரும்பி, போகிறேன் என்று பாயிடம் சொன்னேன். "அந்தாளு மேல கோவம்னா எனக்கு ஏன்பா ஆளைக் கொறைக்கறே?" என்றார். குறடைக் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். சார் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எதிரே யாரோ சாவு வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நான் படியிறங்கும்போது பின்னால் கேட்டது:

"வீட்ல என்ன மரம் இருக்குங்க?"

சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் வந்து சேர்ந்தேன். இரவு பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. விடிந்து டீ குடிக்கும்போது, மாந்தோப்பு குத்தகை எடுத்திருக்கும் ஒருவர், மரம் ஏற ஆள் இருக்கா என்று கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார். கம்பம் ஏறுவேன் என்றேன். கம்பம் ஏறறவன் மரம் ஏற மாட்டானா என்று பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

தோப்பில் கீழே நின்று கையைக் காட்டினார். "தோ, அந்தக் கொத்து. தெரியுதா?"

தெரியவில்லை. எல்லாம் பச்சையாக இருந்தது.

"மேல போ, கிட்டப் போனா தெரியும். புல்லுருவி. எலை கொஞ்சம் தடியா இருக்கும். சும்மா ஒடிச்சுப் போட்டா திரும்ப வரும். ஒட்டின எடத்துக்குக் கீழ, கிளையோட அறுத்துடணும். பாவம் பார்த்தியானா அடுத்த வருஷம் மரமே அதுதான்."

ஏறினேன். கிட்டே போனதும் தெரிந்தது. ஒட்டிய இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. அதற்கு மேலே மாங்கிளை காய்ந்துபோய், இது மட்டும் செழித்து நின்றது. நான் நினைத்த மாதிரி அசிங்கமாக இல்லை. ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூத்திருந்தது. கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று அதில் வாயை வைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கொத்துக்குத் தாவியது.

"இன்னாயா பாத்துனே ஒக்காந்துட்டே? இன்னா இருக்குது அங்க?" கீழிருந்து குத்தகைக்காரர் கத்தினார்.

"புல்லுருவிதாங்க," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ரம்பத்தை வைத்தேன்.